ஆய் போகக் கற்றுத்தந்த படப்புத்தகங்கள்

1970இல் மாரிஸ் செண்டாக் எழுதி வரைந்த ‘இன் தி நைட் கிச்சன்’ வெளிவந்ததும், அமெரிக்க நூலகங்கள் சிலவற்றில் புத்தகத்துக்கு ஒரு கைவைத்தியம் நடந்தது. கதையில் மிக்கி என்கிற பொடியன் கனவில் படுக்கையிலிருந்து நழுவுகிறான். போட்டிருந்த உடுப்பெல்லாம் கழன்றுபோக, அம்மணமாய் ஒரு மாவுப் பாத்திரத்துக்குள் விழுகிறான். லூசியானா மாநிலத்து நூலகர் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. வெள்ளைச் சாயத்தை எடுத்தார், மிக்கிக்கு ஒரு டயாப்பர் கட்டிவிட்டார். வேறு சில ஊர்களிலும் இதே வேலை நடந்தது. மறு ஆண்டு அந்தப் புத்தகத்துக்குப் படப்புத்தகங்களுக்கான கால்டெகாட் கௌரவம் கிடைத்தது. மிக்கியின் டயாப்பரை யாரும் அவிழ்த்ததாகத் தெரியவில்லை.

பத்தே ஆண்டுகள் கழித்து, 1980இல், அதே நாட்டுக் கடைகளுக்கு இன்னொரு படப்புத்தகம் வந்தது. அதன் தொடக்கப் பக்கங்களிலேயே ஜோஷுவா என்கிற குழந்தை உடுப்பில்லாமல் நிற்கிறான். தலை, கண், வயிறு என்று ஆரம்பிக்கிற அம்மா, மூச்சா எங்கிருந்து வருகிறது, ஆய் எங்கிருந்து வருகிறது என்பதுவரை கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டு போகிறாள். ‘ஒன்ஸ் அபான் எ பாட்டி’ என்பது அதன் பெயர். இந்தப் பாட்டி கதை சொல்கிற பாட்டியல்ல, குழந்தையை உட்காரவைக்கும் சட்டி. புத்தகம் இன்றுவரை அச்சில் இருக்கிறது.

சட்டி மிகப் பழைய பொருள். ஏதென்ஸ் நகரின் பழைய சந்தைத்திடலான அகோராவைத் தோண்டியபோது, கிறிஸ்துவுக்கு முந்தைய ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ஒரு சுடுமண் இருக்கை கிடைத்தது. உயரமான அடிப்பாகம், மேலே ஒரு கிண்ணம், கால்கள் வெளியே நீட்டிக்கொள்ள முன்பக்கம் ஒரு திறப்பு, உட்காரும் இடத்தில் ஓட்டை. என்ன சாமான் இது என்ற குழப்பத்தைத் தீர்த்தது கிரேக்கக் கலயங்களின் மேல் தீட்டியிருந்த ஓவியம். அதே மாதிரி இருக்கையில் குழந்தை ஒன்று கையில் விளையாட்டுப் பொருளோடு சாவகாசமாய் உட்கார்ந்திருந்தது. ஆக, சட்டிக்கு வயது ஏறக்குறைய 2,600. அதில் உட்காரச் சொல்லும் படப்புத்தகத்துக்கு ஐம்பதுக்குச் சற்று மேல். இவ்வளவு காலம் ஏன் ஒருவருக்கும் அப்படியொரு புத்தகம் தேவைப்படவில்லை?

படம் பார்த்துக் கதை கேட்கும் வயது வருவதற்கு வெகு முன்பே வேலை முடிந்துவிட்டது என்பதுதான் பதில்.

தமிழ் வீடுகளில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. பெரியவர் ஒருவர் கால்களை நீட்டி உட்கார்ந்துகொள்வார். கழுத்து நின்றும் நிற்காத குழந்தையை இரண்டு பாதங்களுக்கு நடுவில் அணைவாக உட்காரவைத்து, ‘ஸ்ஸ்ஸ்’ என்று மெல்லச் சீறுவார். கொஞ்ச நாளில் அந்தச் சத்தமே குழந்தைக்குச் சமிக்ஞையாகிவிடும். கென்யாவின் கடலோரத்தில் வாழும் டிகோ மக்களிடமும் கிட்டத்தட்ட இதே முறை உண்டு. மார்ட்டன் டெவ்ரீஸ், ரேச்சல் டெவ்ரீஸ் என்ற இருவர் 1977இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் அதைப் பதிவுசெய்தார்கள். பிறந்த சில வாரங்களிலேயே தாய் பழக்கத் தொடங்குகிறாள், ஐந்தாறு மாதத்தில் பெரும்பாலும் துணி நனைவது நின்றுவிடுகிறது என்று அவர்கள் எழுதியபோது அமெரிக்க மருத்துவர்கள் புருவம் உயர்த்தினார்கள். அவர்களுடைய கொள்ளுப்பாட்டிமார் உயர்த்தியிருக்க மாட்டார்கள்.

ஏனென்றால் அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் அதுதான் வழக்கம். அந்நாட்டு அரசின் குழந்தைகள் பணியகம் 1914இல் ‘இன்ஃபன்ட் கேர்’ என்ற கையேட்டை வெளியிட்டது. மேரி வெஸ்ட் என்ற ஐந்து பிள்ளை பெற்ற தாய் எழுதியது. மூன்றாம் மாதத்திலோ அதற்கும் முன்போ பழக்க ஆரம்பித்துவிடலாம் என்றது அந்தக் கையேடு. நாள்தோறும் ஒரே நேரம், ஒரே இடம், மடியில் சட்டி. துணிகளைக் கையால் துவைத்துக் காயவைத்த காலத்தில் தாய்மாருக்கு இதில் இருந்த ஆதாயத்தை விளக்கவே வேண்டாம். பின்வந்த பதிப்புகளில் கெடுபிடி கூடியது. சோப்பைக் குச்சிபோலச் சீவி ஆசனவாயில் வைத்தாவது கடிகாரப்படி குழந்தையைப் போகவைக்கச் சொன்னார்கள்.

கெடுபிடியின் உச்சியில் நின்றவர் உளவியலாளர் ஜான் வாட்சன். 1928இல் வந்த அவருடைய குழந்தை வளர்ப்பு நூல், எட்டு மாதக் குழந்தையைச் சிறிய கழிப்பறை இருக்கையில் வாரால் கட்டி அமர்த்தி, கதவைச் சாத்திவிட்டு வரச் சொல்கிறது. கையில் பொம்மை எதுவும் கூடாது. குழந்தைக்குக் கவனம் சிதறுமாம். அந்தக் கழிவறையில் ஒரு படப்புத்தகம் நுழைந்திருந்தால் வாட்சன் அதைப் பறித்து வெளியே எறிந்திருப்பார்.

அவருடைய எதிர்முகாம் மெல்ல வலுத்தது. குழந்தையின் மலம் கழிக்கும் பருவத்தில் ஏற்படும் நெருக்கடிகள் பெரியவனானபின் குணத்தில் தங்கிவிடும் என்ற பிராய்டின் கருத்து நடுத்தர வர்க்கத் தாய்மாரிடம் அச்சமாய்ப் பரவியிருந்தது. 1946இல் பெஞ்சமின் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்பு நூல் வந்தது. அவசரப்படாதீர்கள், குழந்தையே வழிகாட்டும் என்பது அதன் தொனி. அதைக் கணக்கோடும் படிப்படியான முறையோடும் சொன்னவர் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன். பத்தாண்டுகளில் தன்னிடம் வந்த 1,170 குழந்தைகளின் பதிவேடுகளை வைத்து 1962இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒன்றரை வயதுக்கு முன்னால் ஆரம்பிக்கவே வேண்டாம், உடம்பும் மனசும் ஆயத்தமாகட்டும் என்றார். அவர் வழிப்படி சென்ற குழந்தைகள் பகல் நேரத்தில் முழுமையாகப் பழகிய சராசரி வயது 28.5 மாதம்.

அந்தக் கட்டுரையில் பலர் கவனிக்காமல் தாண்டிவிடும் ஒரு சின்ன யோசனை உண்டு. குழந்தைக்கென்று தனியாக ஒரு சட்டி-நாற்காலி வாங்குங்கள். முதல் வாரம் உடுப்போடேயே அதில் உட்காரட்டும். அம்மா பக்கத்தில் அமர்ந்து ஏதாவது படித்துக்காட்டட்டும், இல்லையென்றால் ஒரு பிஸ்கட் கொடுக்கட்டும். வாட்சன் சாத்திய கதவைப் பிரேசல்டன் திறந்துவிட்டார். அம்மாவோடு புத்தகமும் உள்ளே வந்தது. ஆனால் அது இன்னும் ஏதோ ஒரு புத்தகம்தான். பிஸ்கட்டுக்குப் பதில் வைக்கத்தக்கது, அவ்வளவே.

இதே சமயத்தில் கடைத்தெருவிலும் ஒரு மாற்றம். புராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தின் பொறியாளர் விக்டர் மில்ஸ், பேரக்குழந்தையின் துணி மாற்றி அலுத்துப்போய், ஒருமுறை பயன்படுத்தி எறியும் டயாப்பர் வேலையில் இறங்கினார். 1961இல் இலினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் அது பாம்பர்ஸ் என்ற பெயரில் சோதனை விற்பனைக்கு வந்தது. ஒன்று பத்து சென்ட் என்பதால் அங்கே எடுபடவில்லை. விலை இறங்கியதும் நாடெங்கும் பரவியது. துவைக்க வேண்டிய துணி இல்லையென்றால் அவசரமும் இல்லை. மருத்துவரின் பொறுமையும் வியாபாரியின் வசதியும் ஒரே திசையில் இழுத்ததில், பழக்கும் வயது மடிக்குழந்தையிடமிருந்து நடக்கிற, பேசுகிற, ‘மாட்டேன்’ என்று அழுத்தம் திருத்தமாய்ச் சொல்கிற குழந்தைக்குத் தள்ளிப்போனது.

மூன்று மாதக் குழந்தைக்குச் சீறினால் போதும். இரண்டரை வயதுக்காரருக்குக் காரணம் சொல்ல வேண்டும். அங்கேதான் புத்தகத்துக்கு வேலை பிறந்தது.

முதலில் அதைக் கையிலெடுத்தவர்கள் கதைசொல்லிகள் அல்ல, மருத்துவமனைக்காரர்கள். 1971இல் ஜோயே கிரஹாம் புரூக்ஸ் என்ற மருத்துவர், பாஸ்டன் குழந்தைகள் மருத்துவ மையத்தின் ஊழியர்களோடு சேர்ந்து ‘நோ மோர் டயாப்பர்ஸ்!’ என்ற படநூலைக் கொண்டுவந்தார். 1978இல் அலிசன் மேக் எழுதிய ‘டாய்லெட் லேர்னிங்’ இரட்டை நூலாக வந்தது. பெற்றோருக்கு ஒரு பகுதி, பிள்ளைக்குப் படங்களோடு ஒரு பகுதி. இவற்றுக்கு நடுவில், 1974இல், நேதன் அஸ்ரினும் ரிச்சர்ட் ஃபாக்ஸும் ‘ஒரு நாளைக்குள் முடித்துவிடலாம்’ என்று சவால்விட்ட நூல் லட்சக்கணக்கில் விற்றது. அவர்களுடைய ஆயுதம் மூச்சா போகும் பொம்மை. பொம்மைக்குக் குழந்தை பாடம் நடத்த வேண்டும், பானம் நிறையக் குடிக்க வேண்டும், வெற்றிபெற்றால் தின்பண்டம். படப்புத்தகத்தில் வரும் குழந்தையும் ஒரு வகையில் அந்தப் பொம்மைதான். அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்பது கூடுதல் வசதி.

மருத்துவர்கள் செய்த நூல்களில் எல்லாம் சரியாக இருந்தது, குழந்தை மட்டும் கொஞ்சம் குறைவாக இருந்தது. அதைச் சேர்த்தவர் இஸ்ரேலில் வாழ்ந்த ஓர் ஓவியர். அலோனா பிராங்கல் 1937இல் போலந்தின் கிராக்கோவ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிப் படையெடுப்பின்போது சில காலம் கிராமத்தில் அடையாளம் மறைத்து வாழ்ந்தார், பிறகு பெற்றோர் ஒளிந்திருந்த இடத்தில் அவர்களோடு பதுங்கிக் கிடந்தார். 1949இல் குடும்பம் இஸ்ரேலில் குடியேறியது. அந்தப் பதுங்கல் நாட்களைப் பற்றி அவர் பல்லாண்டு கழித்து எழுதிய நினைவுநூல் இஸ்ரேலின் சபீர் இலக்கியப் பரிசைப் பெற்றது. ஆனால் உலகம் அவரை அறிந்தது 1975இல் ஹீப்ருவில் வெளியான சட்டிக் கதையால். தன் மகனுக்காக எழுதி வரைந்தது. ஐந்தாண்டு கழித்து ஆங்கிலத்துக்குப் போனபோதுதான் பையன் ஜோஷுவா ஆனான். பெண் குழந்தைகளுக்காக புரூடன்ஸ் என்பவளை வைத்து இன்னொரு பதிப்பும் வந்தது.

கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஜோஷுவாவுக்குப் பாட்டி ஒரு பரிசு தருகிறாள். பிரித்தால் உள்ளே ஏதோ ஒரு கிண்ணம். தொப்பியா? பூந்தொட்டியா? பூனைக்குப் பால் வைக்கவா? இல்லை, சட்டி. உட்காருகிறான், உட்காருகிறான், ஒன்றும் வரவில்லை. எழுந்து வேறு இடத்தில் போய்விடுகிறான். இன்னொரு நாள் மறுபடி நெடுநேரம் உட்காருகிறான். கடைசியில் ஒருநாள் காரியம் கைகூடுகிறது. அம்மாவும் பிள்ளையும் சட்டியைக் கழிவறைக்குக் கொண்டுபோய்க் கொட்டி, உள்ளே போனதற்கு டாட்டா காட்டுகிறார்கள்.

இதில் உள்ள நுட்பம் அந்த நடுப்பகுதியில் இருக்கிறது. ஒன்றுமே நடக்காமல் உட்கார்ந்திருக்கும் பக்கங்களைப் பிராங்கல் வெட்டிவிடவில்லை. பெரியவர்களுக்குச் சலிப்பூட்டும் அந்தக் காத்திருப்பைக் குழந்தை தன் அனுபவமாக அடையாளம் காண்கிறது. தப்பான இடத்தில் போய்விட்டதற்கு அம்மா திட்டுவதும் இல்லை. பிந்தைய காலத்தில் வந்த எத்தனையோ புத்தகங்களில் மூன்றாம் பக்கத்தில் உட்கார்ந்து நான்காம் பக்கத்தில் வெற்றிபெற்றுக் கைதட்டல் வாங்கும் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களைப் பார்க்கும் நிஜப் பிள்ளைக்கு எரிச்சல்தான் வரும். கடையில் புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைப் பார்த்தாலே போதும்: நடுவில் ஒரு தோல்வியாவது இருக்கிறதா?

பிராங்கலின் புத்தகம் வந்த இரண்டாம் ஆண்டு ஜப்பானில் நடந்தது வேறு ரகம். அங்கே ஃபுக்குயின்கான் ஷோட்டன் என்ற பதிப்பகம் 1956 முதல் மாதம் ஒரு படக்கதையை மெல்லிய அட்டையில் மலிவாக வெளியிட்டுவந்தது. 1969இல் அதற்குத் தங்கையாக ‘ககாக்கு நோ தோமோ’ என்ற அறிவியல் மாதவரிசையைத் தொடங்கினார்கள். ஒவ்வோர் இதழும் ஒரே பொருளைப் பற்றிய முழுப் படப்புத்தகம். பாலர் பள்ளிகள் வழியாக வீட்டுக்கு வந்துவிடும். மாதாமாதம் புதுப் பொருள் தேடும் அறிவியல் இதழுக்கு உடம்பைவிடக் கிட்டத்தில் என்ன கிடைக்கும்? மூக்கின் துவாரங்களைப் பற்றி யாக்யூ கெனிச்சிரோ செய்தார். குசுவைப் பற்றி ச்சோ ஷிந்தா செய்தார். 1977இல் கோமி தாரோ ‘மின்னா உஞ்சி’யைச் செய்தார். ‘எல்லாரும் ஆய் போவோம்’ என்று சொல்லலாம்.

இதில் கதையே கிடையாது. யானை பெரிதாகப் போகிறது, எலி சிறிதாகப் போகிறது. ஒற்றைத் திமில் ஒட்டகத்தின் ஆயும் ஒற்றைத் திமிலோடு, இரட்டைத் திமிலுக்கு இரட்டைத் திமிலோடு. அடுத்த கணமே சும்மா சொன்னேன் என்கிறார் ஆசிரியர். பாம்புக்குப் பின்பக்கம் எது? நின்று போகிற பிராணி எது, நடந்துகொண்டே போவது எது? மீன், பறவை, பூச்சி என்று வரிசை நீள்கிறது. நடுவில் ஒரு பையன் கழிவறைக்கு ஓடுகிறான், டயாப்பர் கட்டிய குழந்தை ஒன்றும் வருகிறது. அவ்வளவுதான் மனிதர்களுக்கு இடம். சாப்பிடுகிற எல்லா உயிரும் போகத்தானே வேண்டும் என்பதோடு, எல்லாரும் நமக்கு முதுகைக் காட்டி நிற்கும் காட்சியில் புத்தகம் முடிந்துவிடுகிறது.

பழக்குவதற்கென்று எழுதாத புத்தகம் இது. யாரும் உட்காரச் சொல்வதில்லை, பாராட்டுவதில்லை. என் கணக்கில், இந்த வகையிலேயே மிகப் பயனுள்ளது இதுதான். இரண்டரை வயதுப் பிள்ளைக்குச் சட்டியில் உட்காரும் உத்தி பெரிய புதிரல்ல. தன் உடம்பிலிருந்து ஏதோ ஒன்று பிரிந்து விழுகிறதே, அது சரிதானா, தனக்கு மட்டும்தானா என்பதே சங்கடம். யானைக்கும் அப்படித்தான் என்று தெரிந்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ‘ச்சீ’ என்கிற வீட்டில் இந்தப் புத்தகத்துக்கு வேலை இன்னும் அதிகம்.

ஆங்கிலத்துக்கு இது வந்துசேரப் பதினாறு ஆண்டுகள் ஆயின. வெளிநாட்டுப் படப்புத்தகங்களை அமெரிக்காவுக்குக் கொண்டுவருவதையே தொழிலாகக் கொண்ட கேன்/மில்லர் என்ற சிறு பதிப்பகம் 1993இல் ‘எவ்ரிவன் பூப்ஸ்’ என்று வெளியிட்டது. அடுத்த ஆண்டே குசுப் புத்தகத்தையும் மூக்குப் புத்தகத்தையும் கொண்டுவந்தார்கள். மிக்கிக்குச் சாயம் பூசிய தேசத்தில் இதற்குக் கிடைத்த வரவேற்பில் புத்தகத்தின் பெயரே ஒரு பழமொழிபோல ஆகிவிட்டது. அதைப் படித்திராதவர்களும் தொலைக்காட்சி நகைச்சுவையில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஐரோப்பாவிலும் இந்த விஷயம் பெரிய கைகளுக்குப் போனது. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் பீட்டர் ஹாமர் பதிப்பகம் என்று ஒன்று உண்டு. நிகராகுவாவின் புரட்சிக் கவிஞரும் பாதிரியாருமான எர்னெஸ்டோ கார்டெனாலை ஜெர்மன் வாசகர்களுக்குக் கொண்டுசேர்த்த, மிகத் தீவிரமான பதிப்பகம். அங்கிருந்து 1989இல் வெளிவந்தது ஒரு துன்னெலியின் துப்பறியும் கதை. மண்ணிலிருந்து தலையை நீட்டிய துன்னெலியின் உச்சியில் யாரோ ஆய் போய்விடுகிறார்கள். யார் அது என்று கேட்டுக்கொண்டு அது அலைகிறது. புறா, குதிரை, முயல், ஆடு, மாடு, பன்றி எல்லாம் ‘நான் இல்லை, என்னுடையது இப்படி இருக்கும்’ என்று செயல்முறை விளக்கம் தருகின்றன. கடைசியில் நிபுணர்களான இரண்டு ஈக்கள் ருசி பார்த்து, அது நாயினுடையது என்று தீர்ப்புச் சொல்கின்றன. துன்னெலி போய்க் கசாப்புக்கடை நாயின் தலையில் தன் பங்குக்கு ஒரு சிறு உருண்டையை வைத்துவிட்டு நிம்மதியாக மண்ணுக்குள் இறங்குகிறது. எழுதியவர் வெர்னர் ஹோல்ஸ்வார்த், வரைந்தவர் வோல்ஃப் எர்ல்பிரூக். எர்ல்பிரூக்குக்கு 2006இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதும், 2017இல் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் நினைவு விருதும் கிடைத்தன.

அந்த லிண்ட்கிரன் விருது, சிறார் இலக்கியத்துக்கு உலகில் கொடுக்கப்படும் மிகப் பெரிய தொகை. அதை 2014இல் பெற்ற சுவீடன் எழுத்தாளர் பார்ப்ரோ லிண்ட்கிரனும் ஒரு சட்டிப் புத்தகத்தின் ஆசிரியர் என்பது தற்செயல்தான் என்றாலும் மனசுக்கு இதமான தற்செயல். ஏவா எரிக்சன் படங்களோடு 1986இல் அவர் செய்த ‘மாக்ஸ் பொட்டா’ உள்ளங்கையில் அடங்கும் அளவு. வாக்கியத்துக்கு மூன்று நான்கு சொற்கள். மாக்ஸுக்குச் சட்டி வேண்டாம், நாய் உட்காரட்டும் என்கிறான். நாய் உட்கார்ந்ததும் சட்டியின் மேல் திடீரென்று உரிமை பொங்குகிறது. நாயைத் தள்ளிவிட்டுத் தானே அமர்கிறான். இரண்டு வயதின் முழு மனோதத்துவமும் அங்கே இருக்கிறது. பேச்சு இப்போதுதான் திரள்கிற குழந்தைக்கு, ஜோஷுவாவின் நீண்ட வாக்கியங்களைவிட இதுவே பொருந்தும்.

1986 இந்தத் துறைக்குச் செழிப்பான ஆண்டுதான். இங்கிலாந்தில் டோனி ராஸ் ‘ஐ வான்ட் மை பாட்டி!’ என்று ஒரு குட்டி இளவரசியை அறிமுகப்படுத்தினார். அவளுக்கு முதலில் சட்டி பிடிக்கவில்லை, பிறகு அதை விட்டு இறங்கவே மனமில்லை. ஒருநாள் கோட்டையின் உச்சியில் இருக்கும்போது அவசரம். சட்டி வேண்டும் என்று கத்துகிறாள், அரண்மனையே மூலைமுடுக்கெல்லாம் தேடி ஓடிவருகிறது. சட்டி வந்துசேர்கிறது, சற்றுத் தாமதமாக. பயிற்சி நூலை இப்படித் தோல்வியில் முடிக்க அமெரிக்கப் பதிப்பாளர் எவரும் அன்று ஒப்பியிருப்பாரா என்பது சந்தேகம்.

அமெரிக்காவில் அதே ஆண்டு வந்தது பிரெட் ரோஜர்ஸின் ‘கோயிங் டு த பாட்டி’. தொலைக்காட்சியில் இரண்டு தலைமுறைக் குழந்தைகளோடு நிதானமாகப் பேசிய மனிதர் அவர். குளியல் தொட்டியின் ஓட்டை வழியாகத் தாமே போய்விடுவோமோ என்று பயப்படும் குழந்தைகளுக்காக, நீ அதற்குள் போகவே முடியாது என்று ஒரு பாட்டே எழுதியவர். அவர் நூலில் ஓவியமும் இல்லை, நகைச்சுவையும் இல்லை. ஜிம் ஜட்கிஸ் எடுத்த நிஜக் குழந்தைகளின் நிழற்படங்கள் மட்டும். தண்ணீரைத் திறந்துவிடும்போது எழும் இரைச்சலுக்கு அலறி ஓடும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு யானையும் இளவரசியும் உதவுவதைவிடப் புகைப்படம் உதவும். தான் பார்த்ததுபோன்றே ஒரு கழிவறை, தன்னைப் போன்றே ஒரு பிள்ளை.

இந்த இடத்தில் நம்மூர்ப் பெற்றோருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. மேலே சொன்ன புத்தகங்களில் பிள்ளைகள் உட்காருவது சட்டியிலோ மேற்கத்தியக் கோப்பையிலோதான். குந்தி உட்காரும் கழிவறை வீட்டிலிருக்க, புத்தகத்தில் நாற்காலி மாதிரி ஒன்றைக் காட்டினால் குழந்தை குழம்பாமல் என்ன செய்யும்? கழுவுவதற்குப் பதில் காகிதச் சுருள் வேறு. கோமியின் புத்தகமும் துன்னெலியும் இந்த வேலியைத் தாண்டிவிடுகின்றன, அவற்றில் பெரும்பான்மை உயிர்களுக்குக் கழிவறையே கிடையாது. நம் குழந்தைகளுக்கு வெளிநாட்டுப் புத்தகம் வாங்குவதென்றால் அந்த இரண்டிலிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம்.

90களிலும் அதற்குப் பிறகும் நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடலாம், ஏனென்றால் எண்ணிக்கை பெருகிய அளவுக்குச் சரக்கு பெருகவில்லை. கிம்பர்லி-கிளார்க் 1989இலேயே குழந்தை தானே இழுத்துப் போட்டுக்கொள்ளும் ‘புல்-அப்ஸ்’ ஜட்டிகளைக் கொண்டுவந்திருந்தது. டயாப்பருக்கும் ஜட்டிக்கும் நடுவில் ஒரு புதிய விற்பனைப் பருவம் உருவானது. புத்தகங்களும் அதே கடை அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தன. பையனுக்கு நீலம், பெண்ணுக்கு இளஞ்சிவப்பு. ‘செசமி தெரு’ தொலைக்காட்சித் தொடரின் எல்மோ பொம்மை வந்தார். பொத்தானை அழுத்தினால் தண்ணீர் கொட்டும் சத்தம் வரும் புத்தகங்கள் வந்தன. குழந்தை அந்தப் பொத்தானை நாற்பது தடவை அழுத்துமே ஒழிய, உட்காரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பரிசு ஸ்டிக்கர் தாள் இணைத்தவையும் உண்டு. ஸ்டிக்கர் தீர்ந்த அன்று என்ன செய்வது என்று அவை சொல்வதில்லை.

பழக்கும் வயது மேலும் தள்ளிப்போனதற்கு ஓர் அடையாளமாக 1998இல் ஒரு காட்சி அரங்கேறியது. முப்பத்தைந்து பவுண்டுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்காகப் பாம்பர்ஸ் ஆறாம் அளவு டயாப்பரை இறக்கியபோது, அதன் விளம்பரத்தில் தோன்றியவர் பெரி பிரேசல்டன். குழந்தை ஆயத்தமாகும்வரை காத்திருங்கள் என்று 1962இல் சொன்னதையேதான் அப்போதும் சொன்னார். டயாப்பர் நிறுவனத்திடம் ஊதியம் வாங்கிக்கொண்டு சொன்னதால், எதிர்த்தரப்பு நிபுணர்கள் விடவில்லை. செய்தித்தாள்களில் பெரிய சண்டை நடந்தது.

2013இல் லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியில் ‘ஐபாட்டி’ என்ற சட்டி வைக்கப்பட்டிருந்தது. உட்காரும் குழந்தைக்கு எதிரே ஐபேடைப் பொருத்த ஒரு தாங்கி, திரையில் தெறித்தால் நனையாமலிருக்க ஒரு மூடி. குழந்தைகளை வணிகத்திலிருந்து காக்கப் போராடும் ஓர் அமெரிக்க அமைப்பு, அந்த ஆண்டின் மிக மோசமான பொம்மைக்கான பரிசை அதற்கு வழங்கியது. வாட்சனுக்குப் பொம்மையே ஆகாது. இவர்களோ சினிமாக் கொட்டகையையே உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள்.

ஜப்பானில் மட்டும் விஷயம் வேறு பக்கம் கிளைவிட்டது. அங்கே தொடக்கப்பள்ளி முடிவதற்குள் பிள்ளைகள் காஞ்சி எனப்படும் சீன வழி எழுத்துகளில் ஆயிரத்துச் சொச்சத்தைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழக வேண்டும். அழுதுகொண்டேதான் எழுதுவார்கள். 2017இல் புங்க்யோஷா என்ற பதிப்பகம் ஆறு வகுப்புகளுக்கும் பயிற்சிப் புத்தகம் போட்டது. 1,006 எழுத்துகள், எழுத்துக்கு மூன்று எடுத்துக்காட்டு வாக்கியங்கள், மொத்தம் 3,018. புருயா யூசாக்கு எழுதிய அந்த 3,018 வாக்கியங்களில் ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் ‘உங்கோ’, அதாவது ஆய், வருகிறது. புத்தகத்தின் அட்டையில் மீசை வைத்த ஆய் வாத்தியார் சிரிக்கிறார். சில மாதங்களிலேயே அது பத்து லட்சங்களைத் தாண்டி விற்றது. சிரித்துக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதிய அந்தப் பிள்ளைகளின் பெற்றோர், கோமியின் யானையையும் எலியையும் பார்த்து வளர்ந்த தலைமுறை.